வளர்ப்பும் குரலும்: அமெரிக்கத் திருநரின் கணினிவழிக் குழுமங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பெண்மை என்பது பிறப்பால் வாய்ப்பதன்று, சமூகத்தால் ஆக்கப்படுவது என்னும் கருத்தைச் சிமோன் டி போவா 1949இல் வெளியிட்ட ‘இரண்டாம் பால்’ என்னும் நூலின் வாயிலாக வலியுறுத்தினார். பெண்ணடிமையை இயற்கையின் நியதியெனக் கொண்டோருக்கு எதிராக இக்கருத்து வலியதொரு படைக்கலமாயிற்று. ஆயின், முப்பது ஆண்டுகள் கழிந்தபின் அதே கருத்துத் திருநர்க்கு எதிராகவும் திருப்பப்பட்டமை வரலாற்று முரண்களுள் ஒன்றாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த அம்முரண், கணினிவழிக் குழுமங்களில் எவ்வாறு புதுவடிவம் பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1966இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ நிலையத்திற் பால்நிலைச் சிகிச்சைப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களை நாடியோர், குழந்தைப் பருவந்தொட்டே தாம் மறுபாலினராக உணர்ந்து வாழ்ந்ததாகச் சான்று கூறவேண்டியிருந்தது. அவ்வார்ப்புக்குள் அடங்காத வாழ்க்கைக் கதைகள் ஐயத்துக்குள்ளாயின. பெண்ணாக வளர்க்கப்பட்டு, ஆண்களை விரும்பும் ஆணாகத் தம்மை உணர்ந்த லூ சலிவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவரென மறுக்கப்பட்டமை இதற்குத் தக்க சான்றாகும். 1986இற் சான்பிரான்சிஸ்கோவிலே திருநம்பியர்க்கென ஓர் அமைப்பை நிறுவியவரும் அவரே. சிகிச்சைக்குப் பின்னர், பழைய வாழ்வை மறைத்துப் பெருஞ்சமூகத்துட் கரைந்துவிடுவதே வெற்றியெனக் கருதப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிலைப்பாட்டை 1979இல் ஜனிஸ் றேமண்ட் முன்வைத்தார். ஆணாக வளர்க்கப்பட்டோரிடம் அவ்வளர்ப்பின் முத்திரை அழிவதில்லையாதலின், திருநங்கையர் பெண்கள் இயக்கத்துள் ஊடுருவும் ஆண்களேயென அவர் வாதிட்டார். பெண்களே நடத்திய ஒலிவியா இசைத்தட்டு நிறுவனத்திற் பணியாற்றிய ஒலிப்பொறியியலாளர் சாண்டி ஸ்ரோன் அவரது தாக்குதலுக்கு இலக்கானோருள் ஒருவர். மருத்துவர் வேண்டியது இல்லாத குழந்தைப் பருவம். றேமண்ட் விதித்தது அழியாத குழந்தைப் பருவம். மெய்யாக வாழ்ந்த குழந்தைப் பருவம் பேசப்படுதற்கு இவ்விரண்டிலும் இடமிருக்கவில்லை. அம்மௌனத்தைக் கலைத்து, தம் வரலாற்றைத் தாமே எழுதுமாறு திருநரை அழைத்தது 1991இல் அச்சேறிய ஸ்ரோனின் கட்டுரை. அவரே பின்னர்க் கணினிவழிக் கூட்டுவாழ்வின் முன்னோடி ஆய்வாளருள் ஒருவராகியமை தற்செயலன்று எனலாம்.

உடல் கண்ணுக்குப் புலப்படாத கணினிவெளியில் வளர்ப்பின் தடயங்கள் மறைந்துவிடும் எனச் சிலர் நம்பினர். 1990களிற் சூசன் ஹெறிங் நிகழ்த்திய ஆய்வுகள் இதனை மறுத்தன. புலமையாளரின் மின்னஞ்சற் குழுக்களில் ஆண்களே மிகுதியாகவும் நீளமாகவும் எதிர்வாதத் தொனியிலும் எழுதினர் என அவர் காட்டினார். உடல் மறைந்த இடத்தில் மொழியே உடலாயிற்று. இச்சூழலில் உறுதியாகப் பேசும் திருநங்கையிடம் ஆண்வளர்ப்பைக் காண்பதும், அடங்கிப் பேசுபவரைப் பெண்மையை நடிப்பவரெனக் கொள்வதும் எளிதாயின. எவ்வாறு பேசினும் குற்றமே என்ற நிலையில் மௌனமே எஞ்சும்.

எனினும், அவ்வெளியே மௌனத்தைக் கலைக்கவும் உதவியது. ‘அமெரிக்கா ஒன்லைன்’ சேவையில் 1994இல் ‘கசீபோ’ என்னும் திருநர் உரையாடற்கூடம் இயங்கத் தொடங்கியது. அதனை நடத்தியோருள் ஒருவர் குவெண்டலின் ஆன் சிமித். 1998 நவம்பரிற் பொஸ்ரன் நகரிலே கறுப்பினத் திருநங்கை றீற்றா ஹெஸ்ரர் கொல்லப்பட்டார். அவ்வட்டாரத்தில் 1995இல் இவ்வாறே சனெல் பிக்கற் கொல்லப்பட்டதைத் தம்முடன் உரையாடியோர் அறிந்திராமை கண்டு சிமித் அதிர்ச்சியுற்றார். கடந்தகாலத்தை மறைக்கப் பழக்கப்பட்ட சமூகம் தன் இறந்தோரையும் இழந்துவிடுகின்றது. அவ்விழப்புக்கு எதிராக அவர் தொடங்கிய இணையவழி நினைவுப் பதிவிலிருந்தே, 1999 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 20இல் அனுட்டிக்கப்படும் திருநர் நினைவுநாள் பிறந்தது.

இவ்வெளிக்கும் வர்க்க எல்லை உண்டென்பது மனங்கொள்ளத்தக்கது. கணினியும் தொலைபேசி இணைப்பும் வாய்த்தோரே அதனுள் நுழைந்தனர். அங்கே நினைவுகூரப்பட்டோருட் பலர் அங்குப் பேசும் வாய்ப்பைப் பெற்றவரல்லர்.

வளர்ப்பு மனிதரை வெறும் களிமண்ணாகக் கொண்டு வனைவதில்லை. பால்நிலை என்பது ஏற்றல், மறுத்தல், போராடல் ஆகியவற்றால் நாள்தோறும் இயற்றப்படும் சமூகச் செயற்பாடு என்பதை, பின்னாளிற் றேவின் கொனெல் எனத் திருநங்கையாக அறியப்பட்ட அவுஸ்திரேலியச் சமூகவியலாளர், 1987இல் வெளியான ‘பால்நிலையும் அதிகாரமும்’ என்னும் நூலில் விளக்கியுள்ளார். ‘ஆண்பிள்ளையாய் நட’ என்ற ஒரே கட்டளை ஒரு குழந்தைக்கு உரிமையாகவும், இன்னொரு குழந்தைக்குத் தண்டனையாகவும் அமையக்கூடும். ஆகவே ஒருவர் எவ்வாறு வளர்க்கப்பட்டார் என்பதோடு, அவ்வளர்ப்பை அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதையும் ஆய்வாளர் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடையளிக்கும் உரிமை முதற்கண் திருநருக்கே உரியது.