மலையேறிய போர் ஊர்திகள்

தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படை வகுத்துப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் அந்நாளில் களம் புகுந்த தேர்களுள் ஒன்றேனும் இன்று நம் கையில் இல்லை. மரம் மக்கியது, இரும்பு துருவாயிற்று. கோயில்களில் நிற்கும் கற்றேர்களைக் கொண்டே அவற்றின் வடிவை ஒருவாறு உய்த்துணர்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் போர் ஊர்திகளுக்கும் அந்நிலை நேரலாகாது என்பதே நாம் ஈண்டு வலியுறுத்த விழைவது.

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் நிற்பது பொன்முடி. கல்லாறு கடந்து 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் செல்வோர், தேயிலைத் தோட்டங்களினூடே பிரியும் கரடுமுரடான கிளைவழிகளைக் காண்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய வழிகளே ஜீப் என்னும் ஊர்திக்கு நம் நாட்டில் இரண்டாம் வாழ்வு அளித்தன.

அதன் முதல் வாழ்வு போர்க்களத்தில் கழிந்தது. அமெரிக்கப் படைத்துறையின் வேண்டுகோட்படி பேண்டம் நிறுவனம் 1940 செப்டம்பரில் முதல் மாதிரியை அளித்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1945-இல் போர் ஓய்ந்ததும் எஞ்சியவை விற்பனைக்கு வந்தன. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்னும் தொடர் நம் மக்கள் வழக்கில் புகுந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஊர்தி மலைத்தோட்டக்காரர்க்குப் பெரிதும் பயன்பட்டது. வெடிபொருள் ஏறிய இடத்தில் உரமூட்டை ஏறியது. அதே காலத்தில் 1945-இல் தோன்றிய மகேந்திரா நிறுவனம், வில்லிஸ் உரிமம் பெற்றுப் பம்பாயில் ஜீப்புகளைப் பொருத்தியமைத்து, நாளடைவில் உள்நாட்டிலேயே ஆக்கலாயிற்று. அவையும் நம் படையில் பணியாற்றின.

எனவே, பழைய ஜீப் ஒன்றைக் கண்டவுடன் ‘உலகப் போரில் ஓடியது’ எனத் துணிதல் தகாது. பச்சை வண்ணம் எவரும் பூசலாம். முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருப்பின் போர்க்கால ஜீப்பாகலாம். ஏழெனில் பின்னர் வந்த குடிமக்கள் வகையாகலாம். முன்னதன் விளக்குகள் சிறியவை; தகட்டுக்குப் பின்னே உள்ளடங்கியவை; இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க அதன் பக்கமாகத் திருப்பிக்கொள்ளத் தக்கவை. அடிச்சட்டத்தின் முன்பகுதியிலுள்ள குறுக்குச்சட்டம் உருளைக் குழாயாயின் வில்லிஸ். கவிழ்த்து வைத்த ‘ப’ போன்றதாயின் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளிலும் தன் முதலெழுத்தைப் பொறித்தது. எனினும் இருவர் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்யப்பட்டமையால், ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறியிருத்தல் இயல்பே. கல்வெட்டறிஞர் ஓரெழுத்தைக் கொண்டு காலம் கணியாதவாறு, இங்கும் பல சான்றுகளை ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும்.

1965 செப்டம்பரில் அசல் உத்தர் களத்தில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பகை டாங்கிகளை அழித்து உயிர் ஈந்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. அப்போரில் கைப்பற்றிய பேட்டன் டாங்கிகள் வெற்றிச் சின்னங்களாகப் பல ஊர்களில் நிறுத்தப்பட்டன. இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகரில் 1994 முதல் டாங்கி அருங்காட்சியகமும் உண்டு. பெரியவற்றுக்குப் பீடம் கிடைத்தது. சிறிய ஊர்திகளுள் மிகப் பல ஏலத்திற்கும் பழைய இரும்புக் கடைக்குமே போயின.

2021-இல் நடுவண் அரசு வகுத்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெருமாற்றமின்றித் தொடக்க வடிவில் பேணப்பட்ட ஊர்திக்குத் தனிப்பதிவு வழங்குகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், மலையில் உழைத்த ஜீப் மாறியதனாலேயே பிழைத்தது. பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. கித்தான் கூரை போய்த் தகரக் கூரை வந்தது. கொட்டகையில் உறங்கிய ஊர்தி தூய்மையுடையது. மலையேறிய ஊர்தியோ வரலாறுடையது. தூய்மையை மட்டும் மதித்து, பட்டறைக் கம்மியர் கைவண்ணத்தைக் களைந்தெறிவோமாயின், போர் நிகழ்ந்த ஐந்தாண்டைக் காத்து, உழைத்த ஐம்பதாண்டை இழந்தவராவோம்.

ஆதலின், திரட்டுவோர் ஊர்தியைப் பிரிக்குமுன் அதனை உள்ளவாறே படம் எடுத்தல் வேண்டும். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பழைய பதிவேடு, ஏலச்சீட்டு ஆகியவற்றைப் படியெடுத்துச் சேர்த்தல் வேண்டும். கழற்றிய உறுப்புக்குச் சீட்டுக் கட்டி வைத்தல் வேண்டும். யாவற்றினும் முதன்மையாக, அதனை ஓட்டியவரும் பழுதுபார்த்தவரும் நம்மிடையே உள்ளபோதே அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். இரும்பைத் துருவினின்று மீட்கக் கருவிகள் உண்டு. மறைந்த நினைவை மீட்க எக்கருவியும் இல்லை.