வத்தலக்குண்டுக்காரர்கள் எழுதிவைத்த இயக்க வரலாறு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை ஏற்றிய லாரிகள் கேரளாவைப் பார்த்துப் போகின்றன. அதே ஊரிலிருந்து செம்பட்டி வழியாகத் தெற்கே போகும் பஸ் வத்தலக்குண்டில் கொண்டுபோய் விடும். கொடைக்கானல் மலையேறுகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். நவீனத் தமிழ் இலக்கியத்தின் இயக்கங்களைப் பற்றிய அடிப்படை நூல்கள் சில அந்த ஊர்க்காரர்களால் வந்தவை என்பது, திண்டுக்கல் மாவட்டத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

1890களில் 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் பி.எஸ். ராமையா. பிறந்தது 1905இல். உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். வெளியே வந்து கதை எழுதத் தொடங்கி, 'மணிக்கொடி'யில் போய்ச் சேர்ந்தார்.

கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் 1933 செப்டம்பரில் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. அரசியலும் இலக்கியமும் கலந்து வந்தது. பணம் இல்லாமல் அது நின்றபோது, 1935இல் ராமையா அதைச் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாற்றி ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, சிதம்பர சுப்ரமணியன் என்று இன்று தமிழ்ச் சிறுகதை என்றாலே நினைவுக்கு வரும் பெயர்கள் அதில் ஒன்றுகூடின. சில ஆண்டுகள்தான் அது தாக்குப்பிடித்தது. ஆனாலும் 'மணிக்கொடி எழுத்தாளர்கள்' என்று ஒரு தலைமுறைக்கே பெயர் நிலைத்துவிட்டது.

நெடுங்காலம் கழித்து, நா. பார்த்தசாரதி நடத்திய 'தீபம்' இதழில் ராமையா அந்த நாட்களைத் தொடராக எழுதினார். அதுவே 'மணிக்கொடி காலம்' என்ற நூல். யார் எப்போது வந்து சேர்ந்தார், எந்தக் கதை எப்படிக் கைக்கு வந்தது, காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் எங்கிருந்து புரட்டப்பட்டது, கூட்டாளிகளுக்குள் எங்கே மனக்கசப்பு முளைத்தது என்பதையெல்லாம் உள்ளே இருந்தவர் சொல்கிறார். 1982இல் இதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மறு ஆண்டே அவர் காலமானார். கல்லூரிப் பேராசிரியர் எவரும் செய்யாத வேலையை, பட்டமோ நிதியுதவியோ இல்லாத ஒரு கதைக்காரர் முதுமையில் செய்து முடித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மணிக்கொடியில் எழுதிய இளைஞர்களில் சி.சு. செல்லப்பாவும் ஒருவர். அவர் வளர்ந்ததும் வத்தலக்குண்டில்தான். 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து', விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் களமானது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்தை ஆராய்ந்து 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்று ஒரு நூலும் எழுதினார். எழுதியதோடு நிற்காமல், தாம் அச்சிட்ட புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். ராமையாவின் கதைகளைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு அவர்மேல் செல்லப்பாவுக்கு மதிப்பு இருந்தது.

புதுக்கவிதை பற்றிய முதன்மையான வரலாற்று நூலும் செல்லப்பாவின் எழுத்து பிரசுரத்திலிருந்துதான் வந்தது. அதை எழுதியவர் நெல்லைச் சீமையின் வல்லிக்கண்ணன். 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்ற அந்த நூலும் முதலில் 'தீபம்' தொடர்தான். 1977இல் நூலாகி, அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பாரதியின் வசன கவிதையில் தொடங்கி 'எழுத்து', 'நடை', 'கசடதபற', 'வானம்பாடி' வரை ஒவ்வொரு இதழாகத் தொட்டுக்கொண்டு போகிறது. தமக்குப் பிடிக்காத கவிதைக்கும் அதில் அவர் இடம் கொடுத்திருக்கிறார்.

இந்த நூல்களை எழுதியவர்கள் இயக்கத்துக்கு வெளியே நின்றவர்கள் அல்ல. அதுவே பலம், அதுவே சிக்கலும். முப்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதும்போது, நெருங்கிய நண்பர் முன்னால் வருவார், ஒதுங்கி நின்றவர் மங்கிப்போவார். அரசியல் இயக்கத்தின் பக்கம் பார்த்தால் வேறொரு வழி தெரிகிறது. வே. ஆனைமுத்து 1974இல் திருச்சியிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்', பெரியாரின் பேச்சையும் எழுத்தையும் பழைய இதழ்களிலிருந்து திரட்டிப் பொருள்வாரியாக அடுக்கியது. தொகுத்தவரும் இயக்கத்தவர்தான். ஆனால் படிப்பவர் கையில் கிடைப்பது மூலப் பேச்சு. இலக்கிய இயக்கங்களுக்கும் இந்த இரண்டாவது வகை நூல்கள் நிறைய வேண்டும்.

அதற்கு இதழ்களே கிடைக்க வேண்டும். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும், 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. ஒட்டன்சத்திரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி சிறுகதை பற்றி ஆய்வு செய்ய நினைத்தால், 'மணிக்கொடி கால'த்தையும் செல்லப்பாவின் நூலையும் முதலில் படிக்கட்டும். பிறகு சென்னைக்குப் போய், ராமையா சொல்லும் ஒவ்வொரு தேதியையும் இதழின் பக்கத்தோடு ஒத்துப் பார்க்கட்டும்.