கட்டுமரத்தில் பயின்ற பாய்வித்தை

கப்பல் ஒதுங்கத்தக்க வளைகுடாவோ ஆழமான ஆற்றுமுகமோ இல்லாத ஒரு மணற்கரையை 1639-ஆம் ஆண்டில் தெரிந்தெடுத்த ஆங்கிலக் கம்பெனியார், அதன் பலனாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தங்கள் கப்பல்களைச் சென்னைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, சரக்கையும் சனங்களையும் நார்க்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏற்றி, முறியும் அலைகளினூடே கரைசேர்க்க வேண்டியதாயிற்று. அப்படகுகள் கவிழ்ந்தால் மனிதரை மீட்பதற்குக் கட்டுமரக்காரர் கூடவே சென்றனர். படகு இறங்க முடியாத நாளிலும் கடிதங்களை ஓலைக் குல்லாய்க்குள் நனையாமல் வைத்துக் கப்பலை அடைந்தவர்கள் அவர்களே. டாம்பியர் என்னும் மாலுமி 1697-இல் வெளியிட்ட பிரயாண நூலிலேயே கட்டுமரம் இடம்பெற்றுவிட்டது. பின்வந்த வெள்ளையருள் பெரும்பாலோர் அம்மனிதரின் துணிச்சலை மெச்சினார்களேயன்றி, அதற்குப் பின்னிருந்த நீண்ட சிட்சையைப் பற்றி விசாரிக்கவில்லை.

அந்தச் சிட்சை மணலிலேயே தொடங்குகிறது. கடலிலிருந்து மீண்ட மரங்கள் நீரை உறிஞ்சிப் பாரமேறிவிடுமாதலால், கயிற்றை அவிழ்த்து அவற்றைத் தனித்தனியே உலரவிட்டு, மறுபடி புறப்படும்போது திரும்பப் பிணைக்க வேண்டும். ஆணியின் துணையின்றிக் கயிறொன்றையே நம்பி மிதக்கும் கலமாகையால், சிறுவன் முதலில் கற்பது அந்த முடிச்சுகளைத்தான். அதன்பின் தகப்பனுடனோ தாய்மாமனுடனோ ஏறி, அணியத்தில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். அலைகள் எல்லாம் ஒரே அளவாய் வருவன அல்ல. பெரியவை சில தொடர்ந்து வந்து முறிந்தபின் சற்றே ஓய்வு உண்டாகும். அந்த இடைவெளியில் மரத்தைத் தள்ளி ஏறவேண்டும். சிறிது பிந்தினாலும் மரம் குறுக்கே திரும்பிப் புரண்டுவிடும். புரண்டால்தான் என்ன? நீர் நிறைவதற்கு அதற்கு வயிறில்லை; மூழ்கவும் மூழ்காது; மரம் மேலே விழாதவரையில், நீந்தத் தெரிந்த பையன் மறுபடி ஏறி அமரலாம். பிழைக்குத் தண்டனை ஈரமும் ஏச்சும் மட்டுமே என்று அமைந்த இக்கலத்தைப்போலக் கற்றுக்குட்டிக்கு உகந்த ஆசான் வேறில்லை என்பது என் துணிபு.

அலையைக் கடந்தபின் பாய். இரவில் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும் நிலத்திலிருந்து விடியற்காலத்தில் வீசும் கரைக்காற்றில் போய், வெயில் ஏறியபின் கடலிலிருந்து எழும் காற்றில் திரும்புவதே அத்தொழிலின் நித்திய ஒழுங்கு. ஆகவே பையனுக்கு எழுத்துக்கு முன்னரே வாடையும் கொண்டலும் கச்சானும் பாடமாயின. பருமலில் கட்டிய முக்கோணப் பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான் கயிற்றை அவன் கையில் கொடுப்பார்கள்; திடீரென்று காற்று ஓங்கினால் அதை எப்போது நெகிழவிடுவது என்பதைக் கை தானே அறிந்துகொள்ளும்வரை மூத்தவரின் கண் அவன்மேலேயே இருக்கும். காற்று மெலிந்தால் பாயின்மேல் நீரை வாரி இறைப்பான். நனைந்த நூல் இழை நெருங்கிக் காற்றைக் கசியவிடாது. சுக்கான் கிடையாது, பின்தலையில் பிடிக்கும் துடுப்பே திசையைத் திருப்புவது. மரங்களுக்கிடையே செருகிய பலகையை ஆழ இறக்கினால் பக்கவாட்டில் நழுவுதல் குறையும். காற்று நேர் எதிரானாலோ, ஒருமுறை இப்புறமும் மறுமுறை அப்புறமுமாகச் சாய்ந்தோடியே கரையை எட்ட வேண்டும். காற்று அறவே நின்றுபோன நாளில் எந்த வித்தையும் உதவாது. உச்சிவெயிலில் துடுப்பு வலித்தே திரும்பவேண்டும்.

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கரைக்குக் கரை மரங்களின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபடுவதை விவரித்திருக்கிறார். அதற்குள்ளாகவே, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் எழுந்த சென்னைத் துறைமுகம், கப்பலுக்கும் கட்டுமரத்துக்கும் இருந்த பழைய உறவை அறுத்துவிட்டது. மீன்பிடித் தொழிலில் மட்டும் பாய் மேலும் பல்லாண்டு நிலைத்து, பின்னர் இயந்திரங்கள் பரவியதாலும், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளாலும் பெரும்பாலும் மறைந்தது. இன்று படகேறும் பையனும் காற்றைக் கேட்கத்தான் செய்கிறான். ஆனால் புறப்படலாமா என்று அறிவதற்காகவே கேட்கிறான், திரும்பும் வழிக்காக அல்ல.