பெயரை இழக்கும் முகங்கள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குடும்பப் புகைப்படங்களும் நினைவின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பப் புகைப்படம் நினைவைத் தானாகவே காத்து வைக்கும் பொருள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் படத்தில் இருப்பவரின் பெயரையும் உறவையும் எடுத்துச் சொல்லக்கூடியவர் இருக்கும் வரையில்தான் அது நினைவுப்பொருளாக இயங்குகிறது. அவர் மறைந்தபின் அது அடையாளமற்ற முகமாக எஞ்சுகிறது. பழைய தென்னார்க்காட்டின் பகுதிகளாகிய விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை நிறுவ முயல்கிறது. புகைப்பட நிலையங்களின் பரவல், வீட்டுச் சடங்குகளில் படத்தின் இடம், படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பில்லாதவர்களின் நிலை, படத்தை வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் முறை ஆகியவை ஆராயப்படுகின்றன. படத்தோடு வாய்மொழியையும் சேர்த்துத் தொகுப்பதன் தேவை இறுதியில் வலியுறுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப் புகைப்படம், நினைவு, நடுகல், புகைப்பட நிலையம், வாய்மொழி வரலாறு, தென்னார்க்காடு, இருளர்.

1. முன்னுரை

1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டத்தின் வரலாறு பெரும்பாலும் கல்லைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. கீழ்வாலைப் பாறை ஓவியங்கள், மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் குடைவரை, செஞ்சிக் கோட்டை ஆகியவை பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. இதே நிலப்பரப்பில் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த எளிய குடும்பங்கள் எவ்வாறு உடுத்தின, எவரை அருகில் அமர்த்திக்கொண்டன, எந்த நிகழ்வைப் பதிவு செய்யத்தக்கதாகக் கருதின என்பவற்றுக்குக் கல்வெட்டும் இல்லை. அரசு ஆவணமும் குறைவு. அவற்றுக்கான முதன்மைச் சான்று வீட்டுச் சுவர்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் கிடக்கும் புகைப்படங்களே.

குடும்பப் புகைப்படம் பற்றிய உலகளாவிய ஆய்வுகள் இரண்டு கருத்துகளை முன்வைத்துள்ளன. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1965இல் வெளிவந்த நூலில், குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்கே உறுதிப்படுத்திக்கொள்ளும் வழியாகப் புகைப்படத்தைக் கண்டார். ரோலன் பார்த் 1980இல் எழுதிய நூலில், மறைந்த தம் தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். ஆனால் அப்படத்தை நூலில் அச்சிடவில்லை. தமக்கு மட்டுமே பொருள் தரும் அப்படம் பிறருக்கு மற்றுமொரு பழைய படமாகவே தெரியும் என்பது அவர் கூறிய காரணம். படத்தின் பொருள் படத்துக்குள் இல்லை, பார்ப்பவரின் உறவில் உள்ளது என்னும் இக்கருத்தே இக்கட்டுரைக்குத் தொடக்கப்புள்ளி.

2. கல்லும் படமும்

இறந்தவரை உருவத்தால் நினைவுகூர்தல் தமிழருக்குப் புகைப்படத்தோடு வந்த வழக்கமன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் எடுக்கும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் தமிழக நடுகல் ஆய்வில் தனியிடம் பெற்றவை.

இவற்றுள் எழுத்துடைய நடுகற்கள் உருவத்தை மட்டும் காட்டுவதில்லை. இன்ன அரசனின் இத்தனையாம் ஆட்சியாண்டில், இன்ன ஊரில், இன்னவர் இறந்தார் என்னும் செய்தியையும் அவை தாங்குகின்றன. வீரனின் உருவம் ஒரு பொதுவடிவம். வில்லோ வாளோ ஏந்திய வீரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்தே தோன்றுவர். அவரைத் தனியாளாக்குவது பெயரே. புகைப்படத்தில் நிலைமை தலைகீழ். முகம் துல்லியமாகப் பதிவாகிறது, பெயர் பதிவாவதில்லை. எழுத்துடைய நடுகல்லில் உள்ளவர் யார் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறிய முடிகிறது. நூறாண்டுகூட ஆகாத புகைப்படத்தில் உள்ளவர் யார் என்பதை அவருடைய கொள்ளுப்பேரன் அறியாமல் போகலாம்.

3. புகைப்பட நிலையங்களின் வருகை

1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்படக்கலை, 1850களிலேயே சென்னையில் வேரூன்றியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றிய லினேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கட்டடங்களைப் படமெடுத்தார். அக்கால நோக்கம் கோயில்களையும் கோட்டைகளையும் ஆவணப்படுத்துவதாகவே இருந்தது. மக்கள் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ளும் காலம் பின்னர் வந்தது.

சிற்றூர்களுக்கு இவ்வழக்கம் பரவியதில் இருப்புப்பாதைக்குப் பெரும் பங்குண்டு எனக் கருதலாம். தென்னிந்திய இரயில்வேயின் முதன்மைப் பாதை திண்டிவனம் வழியாக விழுப்புரத்தை அடைந்து தெற்கே சென்றது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே பாதை திறக்கப்பட்டபின் விழுப்புரம் சந்திப்பாயிற்று. சென்னையிலும் பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் இருந்த புகைப்பட நிலையங்கள் ஒரு நாள் பயணத்துக்குள் வந்தன. பின்னர், சந்திப்பும் கடைத்தெருவும் நீதிமன்றமும் பள்ளிகளும் அமைந்த இத்தகைய ஊர்களிலேயே ‘ஸ்டுடியோ’ என்று மக்கள் அழைத்த நிலையங்கள் தோன்றின.

ஸ்டுடியோ தனக்கென ஒரு காட்சிமொழியை உருவாக்கிக்கொண்டது. மாடிப்படியும் பூங்காவும் தீட்டிய திரைச்சீலை, சுழல்கால் மேசை, பூச்சாடி, இரவலாகத் தரப்படும் கோட்டு ஆகியவை அதன் கூறுகள். இந்தியச் சிறுநகரப் புகைப்படங்களை ஆராய்ந்து 1997இல் நூல் எழுதிய கிறிஸ்டோபர் பின்னி, மத்தியப் பிரதேசத்து நாக்தாவில் கண்ட இத்தகைய படங்கள் உள்ளதை உள்ளவாறு காட்ட முயலவில்லை, ஆகவிரும்பும் தோற்றத்தையே காட்டின என்கிறார். இரவல் கோட்டணிந்த உழவர் தம் செல்வநிலையைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. தாம் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறார். ஆகவே படத்தில் உள்ள நினைவு கடந்த காலத்தை மட்டும் குறிப்பதன்று. வருங்காலத்தாருக்கு அவர் விடுத்த வேண்டுகோளும் அதில் அடங்கும்.

4. வீட்டுச் சடங்குகளில் படம்

தமிழ் வீடுகளில் புகைப்படம் வாழ்வட்டச் சடங்குகளோடு பிணைந்தது. காதணி விழாவுக்கு முன்னும் பின்னுமான குழந்தைப் படம், பூப்பெய்திய பெண்ணைப் பூச்சடை தெரியுமாறு கண்ணாடியின்முன் நிறுத்தி எடுத்த படம், கணவர் நாற்காலியில் அமர மனைவி அருகில் நிற்கும் திருமணப் படம் ஆகியன பரவலான வகைகள். இருவரும் இணையாக அமர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் பிந்திய காலத்தில் மிகுகின்றன. இடம் மாறிய அந்நாற்காலி குடும்ப உறவில் நேர்ந்த மாற்றத்துக்கும் ஒரு சான்றாகும்.

இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, சுற்றத்தார் சூழ எடுக்கும் படம் இவற்றுள் தனித்தன்மை உடையது. தமிழகத்து இறப்புப் புகைப்படங்களை ஆராய்ந்தவருள் மானிடவியலாளர் சோயே ஹெட்லி குறிப்பிடத்தக்கவர். இன்றைய பார்வைக்கு அச்சம் தரும் இவ்வகைப் படத்தின் பின்னணியில் எளிய காரணம் ஒன்றுண்டு. வாழ்நாளில் ஒருமுறையும் படம் எடுத்துக்கொள்ளாத ஒருவரின் முகத்தைப் பெறுவதற்குக் குடும்பத்தாருக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதுவே. கண்கள் திறந்திருப்பவை போலத் தீட்டித் தருவதும் உண்டு.

சட்டமிட்டு நிலைவாயிலுக்கு மேல் சற்றுச் சாய்வாக மாட்டப்படும் படம், அதில் உள்ளவர் இறந்தபின் தன் தன்மையை மாற்றிக்கொள்கிறது. சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, மாலை சூட்டப்பட்டு, நினைவு நாளிலும் அமாவாசையிலும் படையல் ஏற்கும் பொருளாகிறது. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலையிடலாகாது என்னும் விலக்கும் இதிலிருந்தே எழுகிறது. நடுகல்லுக்குரிய பெரும்படையும் வாழ்த்தும் வீட்டுச் சுவருக்கு இடம்பெயர்ந்தன எனலாம். படையலின்போது மூத்தவர் இளையவருக்கு இவர் உன் பாட்டனின் தந்தை என்று சொல்லும் சொல்லே, கல்லில் பொறித்த எழுத்தின் இடத்தை நிரப்பியது. கூட்டுக்குடும்பங்கள் பிரிந்து சுவர்கள் மாறும்போது அச்சொல் வழங்கும் சூழலே இல்லாமற் போகிறது.

5. படம் இல்லாதவர்கள்

குடும்பப் படத்தைக் கொண்டு மட்டும் வரலாறு எழுதினால் ஸ்டுடியோவுக்குச் செல்ல இயன்றவர்களின் வரலாறாகவே அது முடியும். கூலி உழைப்பாளர்க்கும் சேரி மக்களுக்கும் பழங்குடியினர்க்கும் படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நெடுங்காலம் எட்டாதிருந்தது. இவ்வட்டார இருளர் நிலை இதனை விளக்கும்.

1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ், செஞ்சி மலைகளைச் சுற்றி வாழும் இருளரைக் குறிப்பிடுகிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அக்குறிப்பு எடுத்தாளப்பட்டது. அந்நூலில் இடம்பெற்ற பழங்குடியினர் படங்களில் மனிதர்கள் தம் பெயரால் அறியப்படவில்லை. குலத்தின் மாதிரிகளாகவே நிறுத்தப்பட்டனர். அப்படங்களை எடுப்பித்தவர் பெயர் நிலைத்தது. எடுக்கப்பட்டவர் பெயர் நிலைக்கவில்லை.

அடுத்த மாற்றத்தை அரசே கொண்டுவந்தது. டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் புகைப்பட வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் தொடங்கியது. குடும்ப அட்டையிலும் சாதிச்சான்றிலும் படம் தேவைப்பட்டது. ஏழை முதியவர் பலருக்கு வாழ்நாளின் முதல் படமும் ஒரே படமும் இவ்வகை அட்டைப்படமே. அவர் இறந்தவுடன் அச்சிறு படத்தைப் பெரிதாக்கி, பின்புலத்தை நீக்கி, சட்டமிட்டு மாலை சூட்டுவது இன்று பரவலான வழக்கம். சரிபார்ப்பதற்காக எடுத்த படம் வழிபடுவதற்குரிய படமாக மாறுகிறது. அதில் திரைச்சீலையும் இல்லை, பூச்சாடியும் இல்லை, அருகில் எவரும் இல்லை. எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவ்வட்டையில் பெயர் உண்டு. பெயரும் முகமும் எழுத்தில் இணைந்த குடும்பப் படம், படமே இல்லாதிருந்தவர்களின் வீட்டில்தான் முதலில் உறுதியாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்.

6. படத்தைச் சான்றாகப் படித்தல்

பெயர் இழந்த படமும் முற்றிலும் ஊமையன்று. ஸ்டுடியோவின் முத்திரை இடத்தைக் காட்டும். கெட்டி அட்டையில் ஒட்டிய படம், ஓரம் பற்களைப் போல் வெட்டப்பட்ட படம், நெகிழிப் பூச்சுத்தாளில் அச்சிட்ட வண்ணப்படம் என்னும் வேறுபாடுகள் ஏறத்தாழக் காலத்தைச் சுட்டும். தாளின் பின்புறம் அச்சிட்ட வணிகப்பெயரும் உதவும். சான்றாக, உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ முத்திரை பொறித்த தாள் அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. பழைய படம் ஒன்றின் மறுபடியாக அது இருக்கலாம் என்பதையும் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும்.

ஆயினும் இவை அனைத்தும் எப்போது, எங்கே என்னும் வினாக்களுக்கே விடையளிக்கும். யார், ஏன் என்பவற்றுக்கு விடை வாய்மொழியில் மட்டுமே உள்ளது. 1950இல் பத்து வயதுச் சிறுமியாகக் குடும்பப் படத்தின் ஓரத்தில் நின்றவர் இன்று எண்பத்தைந்து வயதை எட்டியவர். அப்படத்தில் உள்ள பெரியவர் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்த கடைசித் தலைமுறை அவருடையது.

7. அழிவும் காப்பும்

மூல நெகட்டிவ்கள் பலவகையில் அழிந்தன. கண்ணாடித் தகடுகளின் படலம் கழுவப்பட்டு, அவை சட்டங்களுக்குக் கண்ணாடியாயின. பிலிம் சுருள்கள் வெள்ளியைப் பிரித்தெடுப்போருக்கு எடைக்குப் போயின. எண்ணிமப் படக்கருவி வந்தபின் மூடப்பட்ட ஸ்டுடியோக்களோடு அவற்றின் பதிவேடுகளும் மறைந்தன. எஞ்சிய வீட்டுப் படங்களுக்கு ஈரமே பெரும் பகை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. நனைந்த படத்தின் ஜெலட்டின் படலம் சட்டக்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே பெயர்ந்துவிடும். வெள்ள இழப்பீட்டுப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

காப்பு முயற்சிக்கு அருகிலேயே முன்மாதிரி உண்டு. இவ்விரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவோடு, தமிழ்ப் பகுதியின் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்ணிமமாக்கினர். மூலப்படம் உரியவரிடமே இருக்க, படியை மட்டும் எடுப்பது இத்தகைய பணியின் சிறப்பு. அதேவேளை, 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் சேவைகள் நீண்டகாலம் முடங்கின. தொலைவில் ஒரு படி இருப்பது மட்டும் போதாது என்பதை அது உணர்த்தியது.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, குடும்பப் புகைப்படம் பெயரோடும் உறவுச்சொல்லோடும் இணைந்திருக்கும்போதே நினைவாகிறது. அவ்விணைப்பைப் படையலும் வாய்மொழியும் காத்துவந்தன. இரண்டாவது, படம் இருப்பது போலவே இல்லாதிருப்பதும் வரலாற்றுச் செய்தியே; அட்டைப்படத்தைக் குடும்பப் படமாக்கிய எளியோரின் வழக்கம் தனியாக ஆராயத்தக்கது. மூன்றாவது, படத்தைத் தொகுப்பவர் அதனைப் பற்றிய பேச்சையும் அதே அமர்வில் பதிவு செய்ய வேண்டும்; பேச்சின்றித் தொகுத்தால் பெயரற்ற முகங்களின் களஞ்சியமே மிஞ்சும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவர்கள் தத்தம் வீட்டு மூத்தவரிடம் படங்களைக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதி, உரையாடலைக் கைபேசியில் பதிவு செய்யலாம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. வீட்டாரின் இசைவு பெறுவதும், வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் படத்தை வெளியிடாதிருப்பதும் இன்றியமையாதவை. கல்லில் பெயர் பொறித்த முன்னோர் செய்த பணியைத் தாளின் பின்புறத்தில் செய்து முடிக்க, அம்மூத்தவர்கள் இருக்கும் காலம் வரையே நமக்கு வாய்ப்புண்டு.