படமாளிகையும் வீடும்: புத்தளக் கரையோரத்தில் திரைப்படம் பார்த்தலின் சமூக வரலாறு

திரைப்படத்தை அரங்கிற்குச் சென்று பார்த்தல் சிறந்ததா, வீட்டிலிருந்து பார்த்தல் சிறந்ததா என்னும் வினா இன்று பெரும்பாலும் செலவு, வசதி, திரையின் அளவு, ஒலியின் தெளிவு ஆகியவற்றைக் கொண்டே விவாதிக்கப்படுகின்றது. இவ்வாறு கேட்கப்படும்பொழுது அது தனியொரு நுகர்வோனின் விருப்பு வெறுப்பாகச் சுருங்கிவிடுகின்றது. ஒரு படத்தை யார், யாருடன், எந்த உரிமையின் பேரில் அமர்ந்து பார்த்தனர் எனக் கேட்போமாயின், அதுவே சமூக வரலாற்று வினாவாக மாறும். சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தை அடிப்படையாகக் கொண்டு அவ்வினாவை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இக்கரையோரத்தில் மொழியின் எல்லையும் மதத்தின் எல்லையும் ஒன்றல்ல. உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் தமிழ்ச் சைவர் வாழ்கின்றனர். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். சிலாபத்தையும் அதன் தெற்கையும் சார்ந்த கத்தோலிக்க மீனவருட் பெரும் பகுதியினர் தமிழ் பேசியோராயிருந்து, கடந்த நூற்றாண்டிற் பாடசாலைக் கல்வி சிங்கள மொழிமூலமாக மாறியதோடு சிங்களம் பேசுவோராயினர். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய சைமன் காசிச்செட்டி பிறந்த மண் கற்பிட்டியே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. தமிழும் சிங்களமும் ஒரே கடலில் வலை வீசிய இக்கரையில், மக்கள் ஒன்றுகூடிக் கலை நுகர்ந்த இடங்கள் தனிக்கவனத்திற்குரியன.

திரைப்படம் வருமுன் அத்தகைய இடங்கள் இங்கு இல்லாமலில்லை. உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு, முன்னேஸ்வரத்தின் ஆவணித் திருவிழா, கற்பிட்டிக் குடாநாட்டின் தலவில் புனித அன்னம்மாள் திருவிழா ஆகியன பல சமூகத்தாரையும் ஈர்த்தன. உடப்பின் கரைவலைத் தொழிலாளர் வலையிழுக்கையிற் பாடிய அம்பாப் பாடல்கள், கூட்டுழைப்பே கூட்டுக்கலையாவதற்குச் சான்றாகும். தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபோடு உறவுடைய சிங்கள நாடகம மரபு இம்மேலைக் கரையோரத்தில் வழங்கியது. அதனைத் தழுவியே சரச்சந்திர 1956இல் ‘மனமே’ நாடகத்தைப் படைத்தார். எனவே, கலை மொழியெல்லையைக் கடப்பது இங்கு சினிமாவோடு தொடங்கியதன்று.

அப்படியாயின் படமாளிகை கொணர்ந்த புதுமை யாது? பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட தமது ஆய்வில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு ஆசனத்தைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் வலுவே என்றும் எடுத்துக்காட்டினார். இக்கருத்தைப் புத்தளக் கரையோரத்திற்குப் பொருத்துகையில் ஒரு திருத்தம் வேண்டப்படுகின்றது. இங்கு புதுமை ஒன்றுகூடலில் இல்லை. ஒன்றுகூடலின் நிபந்தனையிலேயே இருந்தது. திருவிழாவில் ஒருவன் நின்ற இடத்தை அவனது ஊரும் குலமும் நேர்த்தியும் தீர்மானித்தன. முதல் மரியாதை யாருக்கு என்பது முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. படமாளிகையிலோ, நுழைவுச்சீட்டு வாங்கியவன் எவனது தயவுமின்றி அமர்ந்தான். பக்கத்து ஆசனத்தில் இருப்பவன் எம்மதத்தான், எம்மொழியினன் எனக் கேட்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை.

திரையிற் தோன்றியவையும் இக்கலப்புக்கு இயைந்தனவாயிருந்தன. இலங்கைப் படமாளிகைத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான சிற்றம்பலம் கார்டினர் 1928இற் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கிய தமிழர். முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது, எஸ். எம். நாயகம் தயாரித்த அப்படம் மதுரையில் உருவாக்கப்பட்டது. அதன் கதாநாயகி ருக்மணிதேவி, டெய்சி ராசம்மா என்னும் இயற்பெயருடையவர். சிங்களச் சினிமாவின் தொடக்க காலத்தைத் தென்னிந்தியக் கலையகங்களிலிருந்து பிரித்துக் காண்பது இயலாது. தமிழ்ப் படத்தின் பாட்டையும் சண்டையையும் அறிந்த ஒருவனுக்கு அக்காலச் சிங்களப் படம் அந்நியமாகத் தோன்றியிராது.

எனினும் படமாளிகையைச் சமத்துவத்தின் கோயிலாகப் போற்றுதல் வரலாற்றுக்கு முரணானது. குலத்தின் இடத்திற் பணம் அமர்ந்தது. கலரியும் பல்கனியும் வர்க்க வேறுபாட்டைக் கூரையின் கீழேயே காட்டின. கடலுக்குச் செல்லவியலாத பருவத்தில் மீனவக் குடும்பத்திற்குச் சீட்டின் விலையே பெருஞ்சுமை. பெண்களுட் பலருக்கு, சிறப்பாகக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்தோருக்கு, அந்த இருட்டறை மூடிய கதவாகவே இருந்தது. திரையிடப்பட்டவற்றுட் பெரும்பாலானவை உழைப்பாளனின் கனவை அவனுக்கே விற்ற வணிகப் படங்கள் என்பதையும் மறைத்தற்கில்லை.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு வந்தன. தென்னிந்தியப் படங்களின் வரவு குறைந்தது. உள்நாட்டுப் படைப்பு ஊக்கம் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த தர்மசேன பத்திராஜ 1977இல் ‘பொன்மணி’யைத் தமிழிலும், 1978இல் ‘பம்பரு அவித்’ படத்தைச் சிங்களத்திலும் இயக்கினார். பின்னையது கற்பிட்டிக் கடற்கரையைக் களமாகக் கொண்டு, நகரிலிருந்து வரும் முதலாளி ஒருவனால் ஒரு மீனவக் கிராமத்தின் வாழ்வு குலைவதைச் சித்திரித்தது. இக்கரையோரம் தன் முகத்தைத் திரையிற் காணத் தொடங்கிய வேளையது.

அவ்வேளை நீடிக்கவில்லை. 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1983 யூலை வன்செயலிற் படமாளிகைகள் எரிக்கப்பட்டன. ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். வீட்டுத் திரையின் வசதி மட்டுமே மக்களை அரங்கிலிருந்து பிரித்தது என்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். வெளியே கூடியிருத்தல் அச்சத்திற்குரியதாக்கப்பட்ட நாட்டில், வீட்டிலிருத்தல் வெறுந்தெரிவன்று.

தொடக்கத்தில் ‘வீட்டிற் பார்த்தல்’ என்பது பெரும்பாலாருக்குப் பிறர் வீட்டிற் பார்த்தலாகவே இருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் மோட்டார் வண்டிப் பற்றரியிற் தொலைக்காட்சி இயங்கியது. வாங்க வல்லவனின் திண்ணையிலும் முற்றத்திலும் அயலவர் கூடினர். இங்கும் கூட்டம் இருந்தது. ஆயின் உரிமை மாறிற்று. படமாளிகையில் ஒருவன் சீட்டினால் அமர்ந்தான். அயல்வீட்டில் வீட்டுக்காரனின் இசைவினால் அமர்ந்தான். யார் உள்ளே, யார் வாசலில், யாருக்குக் கதவு சாத்தப்படும் என்பவற்றை மீண்டும் உறவும் குலமும் செல்வமும் தீர்மானித்தன. கோயில் வீதியின் படிநிலை இன்னொரு வடிவிற் திரும்பி வந்தது எனலாம்.

அதேவேளை, அரங்கு விலக்கி வைத்திருந்த பெண்களும் முதியோரும் வீட்டிலேதான் படத்தின் பார்வையாளராயினர். இதனைச் சிறிய பேறாகக் கருதுதல் ஆண்நோக்கின் குறைபாடேயாம். மற்றொரு புறம், 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசை முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். வீடே பறிக்கப்பட்டோர் முன்னிலையில் ‘அரங்கா, வீடா’ என்னும் வினாவின் பொருளே வேறாகின்றது.

இன்று திரை கைக்குள் அடங்கிவிட்டது. ஒரே வீட்டில் நால்வர் நான்கு மொழிகளில் நான்கு படங்களைப் பார்த்தல் கூடும். பார்ப்பவனின் மொழியையும் முன்விருப்பையும் அறிந்தே கணினி அடுத்ததைப் பரிந்துரைக்கின்றது. அயலவன் எதைப் பார்த்துச் சிரித்தான், எதைப் பார்த்து அழுதான் என்பது இவனுக்குத் தெரிவதில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களின் பின், மே 12ஆம் நாள் சிலாபத்தில் முகநூற் பதிவொன்றின் ஆங்கில வாசகம் அச்சுறுத்தலாகக் கொள்ளப்பட்டு, முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் இம்மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். படமாளிகை இருந்திருப்பின் இது நிகழ்ந்திராது எனக் கூற நாம் முற்படவில்லை. 1983இன் தீ அவ்வாறு கூற இடந்தராது. ஆனால், அயலவனின் சிரிப்பையும் அழுகையையும் நேரிற் கேட்டுப் பழகிய செவி ஒன்று இச்சமூகத்திடமிருந்து மெல்ல அகன்றுவிட்டது என்பதை மறுத்தல் அரிது.

ஆகவே எமது முடிபு இதுவாகும்: காட்சியின் வசதியில் வீடு வென்றுள்ளது, பெண்களுக்கு அது திறந்த கதவை மீண்டும் சாத்துதல் தகாது. ஆனால் அந்நியரோடு சமமாக அமரும் உரிமையை அளித்ததில் அரங்கே மேலானது. அவ்வுரிமையை, வணிகன் வைத்த விலையின்றி மீட்டெடுத்தல் இயலுமா என்பதே இன்றைய வினா. பாடசாலை மண்டபங்களும், மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களும், பொது நூலகங்களும், பெண்களும் அச்சமின்றி வரத்தக்க நேரங்களில் இதற்குப் பயன்படுதல் கூடும். தமிழ் எழுத்துரையோடு ‘பம்பரு அவித்’ கற்பிட்டியிலும், சிங்கள எழுத்துரையோடு ‘பொன்மணி’ சிலாபத்திலும் திரையிடப்பட்டு, படம் முடிந்தபின் பார்த்தோர் தம்முள் உரையாடுவதற்குப் பல்கலைக்கழக மாணவர் முன்வருவாராயின், அது இவ்வாய்வின் மிகப் பயனுள்ள தொடர்ச்சியாக அமையும்.