வட்டமா இல்லாத வாட்ச்... வீட்டு பீரோவில் இருக்கா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

கதிர்காமத்தில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிய தாத்தாவின் பீரோ. துணிகளுக்கு அடியில் நீள்சதுரமாக ஒரு கைக்கடிகாரம். ஓடவில்லை. "சின்னதா லேடீஸ் வாட்ச் மாதிரி இருக்கே" என்று சொல்லி, கேஸில் இருக்கும் தங்கத்துக்கு மட்டும் விலை பேசி விற்றுவிடுவார்கள். 'சொல்தா' குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில் இது நடக்கக்கூடிய கதைதான். அந்த வாட்ச்சின் உண்மையான மதிப்பு தங்கத்தில் இல்லாமல், அதன் வடிவத்தில் இருக்கலாம். எப்படி?

பெரும்பாலான வாட்ச் ஏன் வட்டம்?

முள் சுற்றுவது வட்டமாக. உள்ளே இருக்கும் மெஷினும் பெரும்பாலும் வட்டம். வட்டமான கேஸை எளிதாகக் கடைந்துவிடலாம், பின்மூடியைத் திருகி இறுக்கலாம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷரும் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் உட்காரும்.

சதுரம், பீப்பாய், நீள்வட்டம் என்றால் கதையே வேறு. கண்ணாடியை அந்த அளவுக்குத் தனியாக வெட்ட வேண்டும். மூலைகளைக் கவனமாகச் சீராக்க வேண்டும். சில மாடல்களுக்கு மெஷினையே நீள்சதுரமாகச் செய்வார்கள். வேலை அதிகம், தவறு செய்ய இடம் குறைவு. ரசிகர்களை இழுப்பதும் இந்த மெனக்கெடல்தான்.

இந்தியாவில் உதித்த ஐடியா

உலகின் புகழ்பெற்ற நீள்சதுர வாட்ச்களில் ஒன்றுக்கு விதை விழுந்தது நம் நாட்டில்தான். 1930-ல் சீசர் டி ட்ரே என்ற வாட்ச் வியாபாரி இந்தியா வந்திருந்தார். போலோ ஆடும்போது வாட்ச் கண்ணாடி உடைந்துபோகிறது என்று இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அவரிடம் புலம்பினார்கள்.

அதற்குக் கிடைத்த தீர்வு, டயலை அப்படியே பின்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும் கேஸ். பொறியாளர் ரெனே-ஆல்ஃபிரட் ஷோவோ 1931 மார்ச் 4-ம் தேதி பாரிஸில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் ஜேஜர்-லெகூல்த்ர் நிறுவனத்தின் 'ரிவர்சோ'. வட்டக் கேஸாக இருந்தால் இப்படித் தண்டவாளத்தில் போல நகர்த்தித் திருப்புவது கஷ்டம். இங்கே அழகுக்காக மட்டுமில்லாமல், தேவைக்காகவும் வந்த வடிவம் இது.

பாரிஸ் தந்த சதுரங்கள்

புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸுக்கும் இந்த வரலாற்றில் பெரிய பங்கு உண்டு.

● 1904: விமானி சான்டோஸ்-டுமோன் பறக்கும்போதே நேரம் பார்க்க, லூயி கார்த்தியே செய்துகொடுத்த சதுர வாட்ச் 'சான்டோஸ்'.

● 1917: முதல் உலகப் போரின் ரெனோ பீரங்கி வண்டியை மேலிருந்து பார்த்த தோற்றத்தில் உருவானது கார்த்தியேவின் 'டேங்க்'.

● 1930-கள்: பெசான்சோன் நகரின் 'லிப்' நிறுவனம் நீள்சதுர மெஷினோடு 'டி 18' வாட்ச்சை விற்றது.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. வாஷரோன் கான்ஸ்டன்டின் 1921-ல் டயலைச் சாய்வாகப் பதித்து ஒரு வாட்ச் செய்தது. கார் ஓட்டுபவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமலே நேரம் பார்க்கலாம். 1957-ல் அமெரிக்காவின் ஹாமில்டன் கொண்டுவந்த 'வென்சுரா' கிட்டத்தட்ட முக்கோணம், பேட்டரியிலும் ஓடியது.

அப்புறம் ஏன் கண்டுகொள்ளவில்லை?

கடந்த சில பத்தாண்டுகளாகச் சந்தையின் கண் பெரிய, கனமான ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் வாட்ச்கள் மேல்தான். வடிவ வாட்ச்கள் பெரும்பாலும் மெலிசு, சின்னது, தோல் ஸ்ட்ராப். "என்கிட்ட என்ன இருக்கு பாரு" என்று காட்ட உதவாது. அதனால்தான் அதே தரத்தில் உள்ள ஸ்போர்ட்ஸ் மாடல்களைவிடப் பல வடிவ வாட்ச்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

ஆனால் நிலைமை எப்போதும் இப்படியே இருக்காது. உருகி வழிவதுபோல இருக்கும் 'கிராஷ்' வாட்ச்சை கார்த்தியேவின் லண்டன் கிளை 1967-ல் செய்தது. அந்த முதல் தலைமுறை வாட்ச் ஒன்று 2022-ல் சுமார் 15 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் 11 கோடி ரூபாய்க்கு மேல்!

பீரோவில் கிடைத்தால் என்ன செய்யணும்?

● பாலீஷ் போடாதீங்க. கூரான மூலைகள் மழுங்கினால், வடிவ வாட்ச்சின் மதிப்பே போச்சு.

● ஓடுதா என்று சாவியை இறுக்கித் திருகாதீங்க. எண்ணெய் காய்ந்திருக்கும்.

● டயல் மங்கியிருந்தாலும் மாற்ற வேண்டாம். பழைய ஸ்ட்ராப், பக்கிள், பில், டப்பா எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்க.

● பின்மூடியில் உள்ள பெயர், எண்ணைப் போட்டோ எடுத்து, குறைந்தது இரண்டு அனுபவசாலிகளிடம் காட்டுங்க. எடைக்கு மட்டும் விலை சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

புதுசா வாங்கப் போறீங்களா?

மூலைகள் உள்ள கேஸில் தண்ணீர், தூசி புகாமல் தடுப்பது சிரமம். நம்ம ஊர் கடற்கரைக் காற்றும் வியர்வையும் தோல் ஸ்ட்ராப்பைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கழற்றியதும் காய்ந்த துணியால் துடையுங்க. கண்ணாடி உடைந்தால் சாதாரண கடையில் அதே அளவில் கிடைக்காது என்பதால், சர்வீஸ் எங்கே என்று வாங்கும் முன்பே கேளுங்க. கார்த்தியே டேங்க் போன்ற பிரபல மாடல்களில் போலிகள் ஏராளம். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விலகிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்க. எல்லாக் கோண வாட்ச்சும் கோடிக்குப் போகாது, முதலீடு என்று நம்பி வாங்குவது ஆபத்து. ஆனால் தாத்தா கையில் இருந்ததை எடைக்குப் போட்டுவிட்டால் மறுபடி கிடைக்காது. முதலில் அது என்ன வாட்ச் என்று தெரிந்துகொள்ளுங்க, விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு பண்ணலாம்.