புனித பவுஸ்தீனா கோவால்ஸ்கா (1905–1938)

போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் கன்னியர். இறை இரக்க பக்தி உலகெங்கும் பரவக் காரணமானவர். வூச் நகர்ப் பகுதியிலுள்ள குவோகோவியெத்ஸ் சிற்றூரில் 1905 ஆகஸ்ட் 25 அன்று, தச்சு வேலையும் உழவும் செய்துவந்த குடும்பத்தின் 10 பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். இயற்பெயர் ஹெலேனா. பள்ளிப் படிப்பு 3 ஆண்டுகளைத் தாண்டவில்லை. பதின்பருவத்திலேயே வீட்டு வேலைக்குப் போனார்.

துறவு மடங்கள் பல இந்த ஏழைப் பெண்ணைத் திருப்பி அனுப்பின. வார்சாவில் இரக்கத்தின் அன்னை சகோதரிகள் சபை, துறவு உடைக்கான பணத்தைச் சம்பாதித்துக்கொண்டு வரச் சொன்னது. ஓராண்டு வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு 1925 ஆகஸ்ட் 1 அன்று உள்ளே சென்றார். அங்கும் சமையல், தோட்டம், வாயில் பொறுப்பு என்றே காலம் கழிந்தது. நவதுறவுக் காலத்தில், உருளைக்கிழங்கு வெந்த பெரிய பானையைத் தூக்கி வடிக்கத் தெம்பில்லாமல் தவித்ததையும், இறைவனிடம் முறையிட்ட பின் எளிதாக வடித்து மூடியைத் திறந்தபோது உள்ளே சிவப்பு ரோஜாக்களைக் கண்டதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இவருடைய ஆன்மிகம் அடுப்படியில் வேரூன்றியது.

1931 பிப்ரவரி 22 அன்று புவோத்ஸ்க் மடத்தில், வெள்ளை அங்கியணிந்த இயேசுவைக் கண்டார். நெஞ்சிலிருந்து சிவப்பாகவும் வெளிறியதாகவும் இரு கதிர்கள் பாய்ந்தன. இதைப் படமாக வரையவேண்டும் என்பது கட்டளை. இவருக்கோ வரையத் தெரியாது. வில்னியுஸில் இவருக்கு ஆன்ம குருவாக வாய்த்த அருட்தந்தை மிகாவ் சொபோச்கோ, முதலில் மனநலப் பரிசோதனை செய்வித்தார். அந்த எச்சரிக்கை பாராட்டத்தக்கது. 1934இல் ஓவியர் கஜிமிரோவ்ஸ்கி வரைந்து முடித்த படம், தாம் கண்ட அழகுக்கு ஈடாகவில்லையே என்று பவுஸ்தீனா அழுதார். நாட்குறிப்பை எழுதச் சொன்னவரும் சொபோச்கோவே. இறை இரக்க செபமாலை 1935 செப்டம்பரில் பிறந்தது. 1938 அக்டோபர் 5 அன்று க்ராகோவில், 33 வயதில், காசநோயால் இறந்தார்.

நாட்குறிப்பின் பிழை மலிந்த மொழிபெயர்ப்புகளும் சேர்ந்து குழப்ப, இந்தப் பக்தி முயற்சியைப் பரப்ப உரோமை 1959இல் தடை விதித்தது. 1978 ஏப்ரல் 15 அன்று அது நீங்கியது. அதற்காக உழைத்த க்ராகோவ் பேராயர் கரோல் வொய்த்திவா, போர்க்காலத்தில் சொல்வே ஆலைத் தொழிலாளியாக இருந்தபோது, பவுஸ்தீனா வாழ்ந்த வாகியெவ்னிகி மடத்துச் சிற்றாலயத்தில் நின்று செபித்துப் போனவர். 1978 அக்டோபரில் அவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். 1993இல் பவுஸ்தீனாவை அருளாளராகவும், 2000 ஏப்ரல் 30 அன்று புனிதராகவும் அறிவித்தார். பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறானதும் அன்றுதான். தமிழ்ப் பங்குகளிலும் பிற்பகல் 3 மணிக்கு இறை இரக்க செபமாலை சொல்லப்படுகிறது. 2020இல் அக்டோபர் 5, இவருடைய நினைவு நாளாகத் திருஅவையின் பொது நாட்காட்டியில் சேர்க்கப்பட்டது.